குழுத்திறனை ஆட்டத்தில் வைத்துப் பார்ப்பது: பாவனை விளையாட்டுகளை நடத்துவோருக்கான வழிகாட்டி

1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இறங்க வேண்டிய யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம், சக்கரங்கள் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டனவா என்ற ஐயத்தால் வானில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. விமானத் தலைவர் சக்கரத்தைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைந்துவருவது விமானப் பொறியாளருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்லவும் செய்தார். ஆனால் தலைவரின் முடிவை மாற்றும் அளவுக்கு அதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. இறுதியில் எரிபொருள் தீர்ந்து விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். விமானிகள் அனைவரும் அனுபவம் மிக்கவர்கள். விமானம் ஓட்டும் திறனில் குறை இருக்கவில்லை. குறை ஒருவர் சொன்னது மற்றவரிடம் போய்ச் சேர்வதில் இருந்தது.

இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு 1979இல் நாசா கூட்டிய ஒரு பயிலரங்கிலிருந்து விமானக் குழுக்களுக்கான கூட்டுப் பயிற்சி முறை உருவானது. 1981இல் யுனைடெட் நிறுவனமே அதைத் தன் விமானிகளுக்கு முறையாக நடத்தத் தொடங்கியது. காலப்போக்கில் அந்தப் பயிற்சியின் மையமாக அமைந்தது, குழு முழுவதும் ஒன்றாகப் பாவனை விமானத்தில் அமர்ந்து, நடுவில் கோளாறுகள் வரும் ஒரு முழுப் பயணத்தை ஓட்டி முடித்து, பிறகு பதிவைப் பார்த்துத் தங்களைத் தாங்களே அலசுவதுதான். அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் நாம் நடத்தும் குழு விளையாட்டுகளுக்கும் இதே தர்க்கம்தான் அடிப்படை. குழுத்திறன் என்பது தனி ஒருவரின் தலைக்குள் இல்லை, ஆட்களுக்கு இடையே இருக்கிறது. அதை நேர்காணலிலோ கேள்வித்தாளிலோ பார்க்க இயலாது, அவர்கள் ஒன்றாக ஏதாவது செய்யும்போதுதான் பார்க்க இயலும்.

வேலையின் சில இயல்புகளை மட்டும் பிரித்தெடுத்து, விதிகளும் காலக்கெடுவும் விளைவுகளும் கொண்ட ஆட்டமாக ஆக்கியதையே இங்கே பாவனை விளையாட்டு என்கிறேன். பயிற்சித் துறையில் பலரும் சிமுலேஷன் என்றே சொல்கிறார்கள். இவற்றை நடத்த விரும்பும் குழுத் தலைவர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும் பயிற்சியாளர்களுக்கும் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட விரும்புகிறேன். ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்பது குழுத்திறனின் அளவுகோல் அன்று. வென்ற குழு ஒருவரின் அதட்டலால் வென்றிருக்கலாம். தோற்ற குழு தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டிருந்த நிலையில் நேரம் முடிந்திருக்கலாம். ஆட்டத்தின் போது நிகழும் நடத்தையைக் குறித்துக்கொள்வதும், ஆட்டம் முடிந்த பின் அதைப் பற்றிப் பேசுவதும்தான் உண்மையான வேலை; ஆட்டம் அதற்கான மூலப்பொருள் மட்டுமே.

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள்

விளையாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதில் எந்தத் திறன் தெரியும் என்று தேடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. வரிசையை மாற்றுங்கள். உங்கள் குழுவில் கடந்த சில மாதங்களில் எங்கே வேலை தடைப்பட்டது என்று யோசியுங்கள். ஒரு பிரிவின் தகவல் அடுத்த பிரிவுக்குத் தாமதமாகப் போகிறதா? கூட்டத்தில் மூத்தவர் சொன்னதே முடிவாகிவிடுகிறதா? சிக்கல் வந்ததும் காரணத்தைத் தேடாமல் ஆளைத் தேடுகிறார்களா? இவற்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் தலைமை, தொடர்பாடல், படைப்பாற்றல், பேச்சுவார்த்தை, கால மேலாண்மை என அனைத்தையும் அளந்துவிடலாம் என்று நினைத்தால் எதையும் அளக்க முடியாது.

எடுத்துக்கொண்ட திறனைக் கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் கூடிய செயல்களாக உடைத்து எழுத வேண்டும். "நல்ல தலைமைப் பண்பு உள்ளவர்" என்பது கவனிப்பு அன்று, தீர்ப்பு. "பதினான்காவது நிமிடத்தில், அதுவரை பேசாதிருந்த இருவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கருத்துக் கேட்டார்" என்பதுதான் கவனிப்பு. விமானத் துறையிலும் மயக்க மருத்துவத்திலும் இதற்கெனவே நடத்தைக் குறியீட்டு முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக உளவியலாளர்களும் மயக்க மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய முறை, திறன்களைப் பணி ஒழுங்கு, குழுவாக இயங்குதல், சூழலை உணர்தல், முடிவெடுத்தல் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் நல்ல நடத்தைக்கும் மோசமான நடத்தைக்கும் எடுத்துக்காட்டுகளைத் தந்து, நான்கு படிகளில் மதிப்பிடச் சொல்கிறது. அறுவைச் சிகிச்சை அரங்குக்காக எழுதப்பட்டது என்றாலும் இந்த நான்கு தலைப்புகளும் ஒரு கணக்குப் பிரிவுக்கும் பொருந்தும் என்பதை நடைமுறையில் கண்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளை மட்டும் உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டு விளையாட்டுகள், இரண்டு வகைத் திறன்கள்

கூடி முடிவெடுக்கும் திறனைப் பார்ப்பதே நோக்கம் என்றால், ஜே ஹால் என்ற உளவியலாளர் வடிவமைத்த நிலவுப் பயிற்சி இன்றும் நல்ல தேர்வு. நிலவில் தரையிறங்கிய விண்கலம் தாய்க்கலத்திலிருந்து வெகுதொலைவில் பழுதாகி நிற்கிறது. கையில் எஞ்சியுள்ள 15 பொருள்களை முக்கியத்துவ வரிசையில் அடுக்க வேண்டும். முதலில் ஒவ்வொருவரும் தனியாக அடுக்குகிறார்கள், பிறகு குழுவாகப் பேசி ஒரு வரிசைக்கு வருகிறார்கள். நாசா தரப்பில் தரப்பட்ட வரிசையோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டினால் பிழை எண் கிடைக்கும். காந்தத் திசைகாட்டியை ஒருவர் 2ஆம் இடத்தில் வைத்தால், அதன் சரியான இடம் 14 என்பதால், அந்த ஒரு பொருளில் மட்டும் 12 பிழைப் புள்ளிகள். பூமிக்கு இருப்பதைப் போன்ற காந்தப் புலம் நிலவுக்கு இல்லை. தீப்பெட்டி கடைசி இடத்தில் வரும்; காற்றில்லாத இடத்தில் அது எரியாது.

இந்தப் பயிற்சியின் அருமை அதன் கணக்கில் இருக்கிறது. குழுவின் பிழை எண்ணை, குழு உறுப்பினர்களின் சராசரிப் பிழையோடு மட்டும் ஒப்பிடாமல், குழுவிலேயே மிகக் குறைந்த பிழை செய்த தனிநபரோடும் ஒப்பிடுங்கள். சராசரியைவிடக் குழு நன்றாகச் செய்திருப்பது பொதுவாக எதிர்பார்க்கக்கூடியதே. அந்தச் சிறந்த தனிநபரையும்விடக் குழு நன்றாகச் செய்திருந்தால் அங்கே கூட்டறிவு பிறந்திருக்கிறது. அவரைவிட மோசமாகச் செய்திருந்தால், சரியான விடை அந்த மேசையிலேயே இருந்தும் குழு அதைத் தொலைத்துவிட்டது என்று பொருள். அந்த நபர் யார், ஏன் அவர் குரல் எடுபடவில்லை என்பதே அடுத்த ஒரு மணி நேர உரையாடலுக்குப் போதுமானது. பெரும்பாலும் அவர் வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆனவராக இருப்பதையும், திசைகாட்டி பயன்படாது என்று ஒரே ஒருமுறை மெல்லச் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டிருப்பதையும் பலமுறை கண்டிருக்கிறேன்.

பிரிவுகளுக்கிடையே வேலை ஓடும் விதத்தையும், அழுத்தம் வரும்போது ஒருவர் மீது ஒருவர் பழி போடும் பழக்கத்தையும் பார்க்க வேண்டுமென்றால் பீர் விளையாட்டைவிட நல்லதொன்றை நான் அறியேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில், ஒரு அமைப்பின் பகுதிகள் காலப்போக்கில் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்க்கும் ஜே ஃபாரஸ்டரின் அமைப்பு இயக்கவியல் ஆய்வுகளிலிருந்து உருவான இது, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் ஆடப்பட்டு வருகிறது. பெயர் உங்கள் நிறுவனத்துக்கு ஒத்துவராது என்றால் பீர்ப் பெட்டிக்குப் பதிலாகத் தேயிலைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் எதுவும் மாறாது. இதை நடத்தும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பலகை, சீட்டு, பெட்டி

ஒரு குழுவுக்கு நான்கு நிலைகள்: சில்லறை வணிகர், மொத்த வணிகர், விநியோகஸ்தர், ஆலை. ஆர்டர் சில்லறை வணிகரிடமிருந்து படிப்படியாக மேலே ஆலைக்குப் போகும், சரக்கு ஆலையிலிருந்து அதே வழியில் கீழே வரும். நிலைக்கு ஒருவர் என நால்வர் போதும். ஆனால் மதிப்பீட்டுக்காக நடத்தும்போது நிலைக்கு இருவரை அமர்த்துங்கள். தனியாக இருப்பவர் மனத்துக்குள் முடிவெடுத்துவிடுவார், இருவராக இருந்தால் காரணத்தைப் பேசித்தான் ஆக வேண்டும், அந்தப் பேச்சுதான் உங்களுக்கு வேண்டியது. நீளமான மேசையின் மீது நான்கு நிலைகளையும் வரைந்த தாளை விரித்து, பெட்டிகளுக்குப் பதிலாகப் பொத்தான்களையோ புளியங்கொட்டைகளையோ பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு நிலையிலும் தொடக்கக் கையிருப்பு 12 பெட்டிகள். சரக்கு ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு வர 2 வாரம் பிடிக்கும். வழியில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் 4 பெட்டிகள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். ஆர்டர் சீட்டும் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். இன்று எழுதிய ஆர்டருக்கான சரக்கு கைக்கு வர ஏறத்தாழ 4 வாரம் ஆகும் என்று கொள்ளலாம். ஆலைக்கு மட்டும் இது சற்றுக் குறைவு. கையிருப்பில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் வாரத்துக்கு அரை டாலர் செலவு. கொடுக்க வேண்டியிருந்தும் கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரத்துக்கு ஒரு டாலர் செலவு. டாலருக்குப் பதில் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் விகிதம் மாறக் கூடாது. நான்கு நிலைகளின் மொத்தச் செலவையும் குறைப்பதே குழுவின் இலக்கு. தன் நிலையின் செலவை மட்டும் குறைப்பது இலக்கு அன்று. இந்த வாக்கியத்தை விதிகளைச் சொல்லும்போது இரண்டு முறை உரக்கப் படியுங்கள். ஆட்டத்தின் நடுவில் இதை மறந்துவிடுவார்கள், மறந்தார்கள் என்பதைப் பின்னர் காட்ட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு வாரமும் ஒரே ஒழுங்கில் நடக்க வேண்டும். வந்த சரக்கை எடுத்துக்கொள்வது, வழியில் உள்ளதை ஒரு கட்டம் நகர்த்துவது, வந்த ஆர்டரையும் பழைய நிலுவையையும் இயன்றவரை நிரப்புவது, கையிருப்பையோ நிலுவையையோ தாளில் எழுதுவது, ஆர்டர் சீட்டுகளை நகர்த்துவது, கடைசியாகத் தன் புதிய ஆர்டரை எழுதி மேல்நிலைக்குக் குப்புற வைப்பது. கடைசிப் படி ஒன்றில் மட்டுமே ஆட்டக்காரர் முடிவெடுக்கிறார். மற்றவை வெறும் கணக்கு. இந்த ஒழுங்கைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்து, நெறியாளர் ஒவ்வொரு படியையும் குரல் கொடுத்து எல்லோரையும் ஒரே நேரத்தில் நகரச் செய்ய வேண்டும். தொடக்க வாரங்களில் எல்லோரும் 4 பெட்டிகள் மட்டும் கேட்கும்படி சொல்லி, இயக்கம் கைக்குப் பழகியபின் விட்டுவிடுங்கள்.

நிலைகளுக்கிடையே பேச்சு கூடாது. ஆர்டர் சீட்டில் எழுதும் எண் ஒன்றே தொடர்பு. வாடிக்கையாளர் எவ்வளவு கேட்கிறார் என்பது சில்லறை வணிகருக்கு மட்டுமே தெரியும். அந்தத் தேவை மிக எளிமையானது: முதல் 4 வாரம் வாரத்துக்கு 4 பெட்டிகள், 5ஆம் வாரத்தில் 8 ஆகிறது, அதன்பின் இறுதிவரை 8 ஆகவே இருக்கிறது. ஒரே ஒரு முறைதான் மாற்றம். ஆட்டம் 50 வாரம் நடக்கும் என்று அறிவித்துவிட்டு 36ஆம் வாரத்தில் நிறுத்துவது வழக்கம். முடிவு தெரிந்தால் கடைசி வாரங்களில் கையிருப்பைக் காலி செய்யப் பார்ப்பார்கள் என்பதே காரணம். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

என்ன நடக்கும் என்பதை ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். தேவை உயர்ந்ததும் சில்லறை வணிகரின் கையிருப்பு கரைகிறது. அவர் கூடுதலாகக் கேட்கிறார், சரக்கு வரவில்லை, இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். அந்தப் பதற்றம் ஒவ்வொரு நிலையிலும் பெருகி ஆலையை அடையும்போது பல மடங்காகிவிடுகிறது. சாட்டையின் பிடியில் மணிக்கட்டைச் சிறிது அசைத்தாலே நுனி பெரிதாகச் சுழல்வதைப் போன்றது என்பதால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். பிறகு கேட்ட சரக்கெல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்குகிறது; கிடங்குகள் நிரம்பி வழிய, ஆர்டர்கள் பூஜ்யத்துக்குப் போகின்றன. குழந்தைகளுக்கான அணையாடை வணிகத்தில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் கண்டதும் இதுவே: வீடுகளில் பயன்பாடு சீராக இருந்தும் மேல்நிலை ஆர்டர்கள் பெருமளவு ஏறி இறங்கின.

எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்டெர்மன் இந்த ஆட்டத்தின் முடிவுகளை ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட கட்டுரையில், முழுக் குழுவுக்கும் ஏறத்தாழ 200 டாலரில் முடிக்கக்கூடிய ஆட்டத்தைச் சராசரிக் குழு 2,000 டாலருக்கு மேல் செலவழித்தே முடித்தது என்று காட்டினார். ஏறத்தாழ 10 மடங்கு. ஆட்டக்காரர்கள் தாங்கள் ஏற்கெனவே கேட்டு, இன்னும் வந்துசேராமல் வழியில் உள்ள சரக்கைக் கணக்கில் போதிய அளவு எடுத்துக்கொள்வதில்லை என்பதே அவர் கண்ட முக்கியமான காரணம்.

கவனிப்பவர் என்ன எழுத வேண்டும்

நெறியாளரே கவனிப்பாளராகவும் இருக்க இயலாது. 36 வாரம் குரல் கொடுப்பவருக்கு வேறெதற்கும் கவனம் இராது. ஒரு குழுவுக்கு இரண்டு கவனிப்பாளர்கள் இருப்பது நல்லது. இருவரும் தனித்தனியாக எழுதி, தனித்தனியாக மதிப்பெண் இட்ட பிறகே ஒப்பிட வேண்டும். ஒரே நடத்தைக்கு ஒருவர் 2 என்றும் மற்றவர் 4 என்றும் போட்டிருந்தால், சராசரி எடுக்காதீர்கள். குறிப்புகளைப் பார்த்து எதைக் கண்டு அப்படிப் போட்டார்கள் என்று பேசுங்கள். அமர்வுக்கு முன்பாக ஏதேனும் ஒரு பழைய பதிவைச் சேர்ந்து பார்த்து மதிப்பெண் இட்டுப் பழகிக்கொண்டால் இந்த வேறுபாடு வெகுவாகக் குறையும்.

கவனிப்புத் தாளில் மூன்று நெடுவரிசைகள் போதும்: எந்த வாரம், என்ன சொல்லப்பட்டது அல்லது செய்யப்பட்டது, எந்தத் திறனைச் சேர்ந்தது. மூன்றாவதை ஆட்டம் முடிந்த பிறகு நிரப்புங்கள். சொற்களை அப்படியே எழுதுவது மிக முக்கியம். "மேலே இருக்கிறவர்கள் தூங்குகிறார்களா?" என்று ஒருவர் சொன்னால் அதையே எழுதுங்கள், "எரிச்சல் அடைந்தார்" என்று எழுதாதீர்கள். இணையர் ஒருவரையொருவர் காரணம் கேட்கிறார்களா, வழியில் உள்ள சரக்கை யாராவது எண்ணிப் பார்க்கிறார்களா, மொத்தச் செலவு என்ற இலக்கை யாராவது ஒருமுறையாவது நினைவூட்டுகிறார்களா, தவறான கணக்கைக் கண்டவர் அதை எப்படிச் சொல்கிறார் என்பவற்றில் கண் வையுங்கள்.

நம் பணியிடங்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. மேலாளரையும் அவரிடம் வேலை செய்பவரையும் ஒரே நிலையில் இணையராக அமர்த்தினால் இளையவர் பெரும்பாலும் "சரி சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதை அவருடைய திறன் குறைவாகப் பதிவு செய்வது அநியாயம். அது அங்குள்ள மரியாதை வழக்கத்தின் விளைவு. அவரையே சமநிலையில் உள்ள ஒருவரோடு அமர்த்திப் பார்த்தால் வேறொரு மனிதரைக் காண்பீர்கள். இரண்டு விதமாகவும் நடத்தி வேறுபாட்டைக் குறிக்க முடிந்தால், அந்த வேறுபாடே உங்கள் நிறுவனத்தைப் பற்றிய மிக மதிப்புள்ள தகவல். விதிகளை ஆங்கிலத்தில் மட்டும் கொடுப்பதையும் தவிருங்கள். குழுத்திறனை அளக்கப் போய் ஆங்கிலத் திறனை அளந்துவிட்டுத் திரும்பக் கூடாது.

ஆட்டத்துக்குப் பின் உரையாடல்

ஆட்டம் நடந்த நேரத்துக்குக் குறையாத நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். நேரம் போதவில்லை என்றால் ஆட்டத்தைக் குறுக்குங்கள், உரையாடலைக் குறுக்காதீர்கள். முறையாக நடத்தப்படும் இத்தகைய உரையாடல்கள் தனிநபர், குழு ஆகிய இரு நிலைகளிலும் செயல்பாட்டை 20 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்துகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2013இல் கூறியது. என் அனுபவத்தில், இந்தப் பகுதியைப் பதினைந்து நிமிடத்தில் முடித்த அமர்வுகளில் ஆட்களுக்கு நினைவிருப்பது சிரிப்பு மட்டுமே.

முதலில் மனத்தில் இருப்பதைக் கொட்ட விடுங்கள். எரிச்சலும் குற்றச்சாட்டும் வரும், குறுக்கிடாமல் கேளுங்கள். அடுத்து, யாரும் யாருடைய தாளையும் பார்க்கும் முன்பாக, சில்லறை வணிகர் நீங்கலாக எல்லோரிடமும் வெற்றுத் தாள் கொடுத்து, வாடிக்கையாளர் தேவை 36 வாரமும் எப்படி இருந்திருக்கும் என்று கோடாக வரையச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். பிறகு உண்மையான கோட்டைக் காட்டுங்கள்: ஒரே ஒரு படி, பிறகு நேர்க்கோடு. அறை அமைதியாகிவிடும். "நீதான் ஏற்றி இறக்கினாய்" என்று சற்று முன்வரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், ஏற்றியதும் இறக்கியதும் தாங்களே என்பதைத் தங்கள் கையெழுத்திலேயே காண்கிறார்கள். இந்த அமைதியை உடனே விளக்கம் சொல்லி நிரப்பாதீர்கள். முழுதாக ஒரு நிமிடம் விடுங்கள்.

அதன்பின் நான்கு நிலைகளின் ஆர்டர் எண்களையும் வரைபடமாகச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, காரணம் தேடும் பேச்சைத் தொடங்குங்கள். கேள்வி கேட்கும் முறையில்தான் நெறியாளரின் திறமை இருக்கிறது. "ஏன் இவ்வளவு கேட்டீர்கள்?" என்று கேட்டால் தற்காப்பு வரும். கண்டதைச் சொல்லி, அதைப் பற்றிய உங்கள் எண்ணத்தையும் மறைக்காமல் சொல்லி, பிறகு அவருடைய எண்ணத்தைக் கேளுங்கள்: "12ஆம் வாரத்தில் நீங்கள் 30 பெட்டிகள் கேட்டதைப் பார்த்தேன். ஏற்கெனவே 20 பெட்டிகள் வழியில் இருந்ததால் எனக்கு அது அதிகமாகத் தோன்றியது. அப்போது உங்கள் மனத்தில் என்ன இருந்தது?" இப்படிக் கேட்டால், "வழியில் இருப்பது வந்து சேரும் என்ற நம்பிக்கையே போய்விட்டது" என்பது போன்ற பதில் வரும். அது ஆட்டத்தைப் பற்றிய பதில் மட்டுமன்று.

அங்கிருந்து வேலைக்குப் பாலம் போடுங்கள். ஆட்டத்தில் இருந்த தாமதம் நம் வேலையில் எங்கே இருக்கிறது? பதில் வரவில்லை என்று மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பி, மூன்றுக்கும் மூன்று பேர் தனித்தனியாக வேலை தொடங்கிவிட்ட நிகழ்வு நம்மிடம் உண்டா? அடுத்த பிரிவு எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பது நமக்குத் தெரியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பொதுப்படையான பதில்களை ஏற்காதீர்கள். நாளும் வேலையும் சொல்லும் வரை பொறுமையாகக் கேளுங்கள்.

இரண்டாம் சுற்று

வளர்ச்சி ஏற்பட்டதா என்பதைப் பார்க்க ஒரு சுற்று போதாது. அதே நாள் பிற்பகலோ அடுத்த வாரமோ மீண்டும் ஆடச் செய்யுங்கள். இம்முறை தேவையின் போக்கை மாற்றுங்கள். முன்பு கண்ட எண்ணையே மனப்பாடமாக ஆடிவிடக் கூடாது. ஆட்டத்துக்கு முன் நான்கு நிலைகளும் 15 நிமிடம் கூடிப் பேசவும், ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு தகவலை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதவும் அனுமதியுங்கள். எந்தத் தகவலை எழுதுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

குழுத்திறனைப் பற்றிய உங்கள் சிறந்த கவனிப்புகள் இந்தச் சுற்றில்தான் கிடைக்கும். முதல் சுற்றில் பேச்சே தடைபட்டிருந்ததால் நிலைகளுக்கிடையிலான ஒத்துழைப்பை மதிப்பிட வழியில்லை. இப்போது யார் விதி ஒன்றை முன்மொழிகிறார், ஆலையில் இருப்பவரின் கவலையை யார் கேட்கிறார், ஒப்புக்கொண்ட விதியை எல்லோரும் ஒரே பொருளில் புரிந்துகொண்டார்களா என்று யார் சரிபார்க்கிறார் என்பவை தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையிருப்பு தீரும் வாரத்தில் யார் ஒப்பந்தத்தைக் காக்கிறார், யார் ரகசியமாகக் கூடுதல் பெட்டி கேட்கிறார் என்பது தெரியும். மீறியவர் அதைத் தானே பலகையில் எழுதிச் சொன்னால், அந்த நேர்மைக்குத் தனியாக மதிப்பெண் கொடுங்கள்.

மதிப்பெண்ணை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது

பயிற்சிக்காக நடத்துகிறீர்களா, தேர்வுக்காக நடத்துகிறீர்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். பயிற்சி என்று அழைத்து வந்து, அங்கே கண்டதைப் பதவி உயர்வுக் கூட்டத்தில் எடுத்துப் பேசுவது நம்பிக்கைத் துரோகம்; அடுத்த முறை யாரும் பிழை செய்யத் துணிய மாட்டார்கள், பிழை இல்லாத ஆட்டத்தில் கற்பதற்கு ஒன்றுமில்லை. தேர்வுக்காகவே நடத்துவதென்றால் ஒரே விளையாட்டை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தில் டக்ளஸ் பிரே என்ற உளவியலாளர் 1956இல் தொடங்கிய நெடுநாள் ஆய்விலிருந்து வளர்ந்த மதிப்பீட்டு மைய முறையின் அடிப்படையே, பல பயிற்சிகள், பல கவனிப்பாளர்கள், நேர்காணல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பதுதான். ஒரு பயிற்சியில் ஒளிர்பவர் மற்றொன்றில் மங்குவது இயல்பு.

எழுதிய குறிப்புகளை அந்தந்த நபரிடம் காட்டுங்கள். குழு முன்னிலையில் அல்லாமல் தனியாக, மதிப்பெண்ணுக்கு முன் நிகழ்வைச் சொல்லி, அவர் தரும் விளக்கத்தையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காணொளி எடுத்திருந்தால் எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்பதைச் சொல்லி, சொன்ன நாளில் அழித்துவிடுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பின்

அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் குழு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும். "இனி நன்றாகத் தொடர்புகொள்வோம்" என்பதை ஏற்காதீர்கள். "ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்குக் கொள்முதல் பிரிவு, வந்துகொண்டிருக்கும் சரக்கின் பட்டியலை உற்பத்திப் பிரிவின் பலகையில் எழுதும்" என்பது போல, செய்தார்களா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். பொறுப்பாளரின் பெயரும் தொடங்கும் நாளும் அதில் இருக்கட்டும்.

நான்கு வாரம் கழித்து, முன்னறிவிப்போடு, அரை மணி நேரம் அந்தப் பணியிடத்துக்குச் செல்லுங்கள். பலகையைப் பாருங்கள். பட்டியல் எழுதப்பட்டிருந்தால், அதைப் பார்த்து யாராவது தன் முடிவை மாற்றிக்கொண்ட ஒரு நிகழ்வைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதப்படவில்லை என்றால் எந்த வாரத்தில் நின்றது, அந்த வாரம் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அது வேலை மிகுந்த, அழுத்தம் கூடிய வாரமாகவே இருக்கும். மூன்று மாதம் கழித்து நடத்தும் அடுத்த ஆட்டத்தில், தேவை திடீரென உயரும் வாரத்தை அந்த அழுத்தத்துக்கு ஏற்ப அமைத்து, அதே கவனிப்புத் தாளோடு, அதே கவனிப்பாளர்களை அமர்த்துங்கள்.